டாக்டருக்குக் குரல் கொடுத்தவன்

அத்தியாயம் 17

கையெழுத்துப் போட்டு ஐந்து நாளாகிவிட்டது. அந்த ஐந்து நாளும் மருமகளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை சேனல் ஆபீஸில் அவள் முன்னால் நீட்டப்பட்ட தாளில் விஷயம் இரண்டே வரிதான். 'உயிரோடு ஓர் உறவு' தொடரில் இனி வரப்போவதை வீட்டார் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் வசனம் எழுதும் வேலை போகும்.

அந்தத் தொடர் கடல் தாண்டி எங்கேயோ ஒரு தேசத்தில் எடுக்கப்படுவது. அங்கே பெரிய கொட்டகை ஒன்றுக்குள் ஒரு ஆஸ்பத்திரியையும் அதற்கு எதிரே ஒரு தெருவையும் கட்டி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஐந்து எபிசோடு எடுத்துத் தள்ளுகிறார்கள். எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை எழுதுகிறார்கள். அதை இங்குள்ள சேனல் வாங்கி, முத்தத்தையும் மது பாட்டிலையும் வெட்டி, தமிழில் பேச வைத்து, முன்னால் ஒரு அறிவிப்பாளப் பெண்ணைச் சிரிக்க வைத்து, தினம் மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போடுகிறது. பிறந்த இடத்தில் அதற்குப் பெயர் வெறும் ஆஸ்பத்திரியின் பெயர்தான். இங்கே வந்து இறங்கியதும் உயிரும் உறவும் ஒட்டிக்கொண்டன.

தமிழ் வசனம் எழுதுவது மருமகள். கதாநாயகனான டாக்டருக்குக் குரல் கொடுப்பது அவளுடைய கொழுந்தன், வீட்டில் எல்லோரும் சின்னவன் என்று கூப்பிடும் இளைய பிள்ளை. ஒரு நாள் விடாமல் பார்ப்பது மாமனார்.

ஆனால் மாமனாருக்கும் சின்னவனுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் எட்டு மாசம் ஆகிறது.

தண்ணீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவர் மாமனார். அதே ஆபீஸில் பரீட்சை எழுதி உள்ளே போன சின்னவன், நாலு வருஷம் ஃபைல் புரட்டிவிட்டு, ஒரு திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு வந்து நின்றான். மைக் முன்னால் நின்று பேசப்போகிறேன் என்றான். மாமனார் சத்தம் போடவில்லை. உன் குரலை இனி நான் கேட்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சின்னவன் ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டான். ஞாயிறுதோறும் அப்பா பூங்காவுக்கு நடக்கப் போகும் நேரமாகப் பார்த்து, பின்கட்டு வழியாகச் சமையலறைக்குள் வந்து, அண்ணி கையால் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே போய்விடுவான்.

போன வருஷம் தொடர் தொடங்கியது. முதல் நாள் டாக்டர் வாயைத் திறந்ததுமே மாமனார் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். மறுநாள் ஒன்றரை மணிக்குத் தானே நாற்காலியை இழுத்து டி.வி. முன்னால் போட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் மருமகள் ஒரு காரியத்தை ஆரம்பித்தாள்.

வெளிநாட்டு நடிகரின் உதட்டில் தமிழ் உட்கார வேண்டும். அவர் வாய் மூடும் இடத்தில் 'ம'வோ 'ப'வோ விழ வேண்டும். அவர் நிறுத்தும் இடத்தில் நிற்க வேண்டும். எழுதுகிறவள் கையைக் கட்டிப் போட்ட மாதிரிதான். ஆனால் நடிகர் முதுகைக் காட்டி நின்றுவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். மூலத்தில் அவர் மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, மழையைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, தமிழில் டாக்டர் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். "கால் வலி எப்படி இருக்கு?" என்பார். எதிரே கட்டிலில் இருக்கும் நோயாளியைத்தானே கேட்கிறார், கதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நாற்காலியில் இருக்கும் மாமனார், தான் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், "ஆச்சு" என்பார். "பரவாயில்லை" என்பார்.

அந்த டாக்டர்தான் இப்போது சாகப்போகிறார். கையெழுத்துப் போட்டு மூடி வைத்த ரகசியம் அதுதான்.

* * *

புதன்கிழமை காலை. அவள் கணவன், வீட்டுக்குப் பெரியவன், ஆறு மணிக்கே தொழிற்சாலைப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டிருந்தான். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஆக அந்த நேரத்தில் வீட்டில் இரண்டே பேர்தான். மாமனார் டீயை ஆற்றிக்கொண்டே வழக்கமில்லாத வழக்கமாக ஒரு கேள்வி கேட்டார்.

அந்த டாக்டர் எல்லைப்புறத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போகிறாரே, திரும்பி வந்துவிடுவார் அல்லவா என்றார்.

இந்த ஒரு வருஷத்தில் கதை எப்படிப் போகும் என்று அவர் கேட்டதே கிடையாது. எழுதுகிறவள் வீட்டிலேயே இருந்தும், பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் மரியாதை என்பது மாதிரி இருப்பார். மருமகள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"பார்க்கலாம் மாமா" என்றாள்.

"அவனை மாதிரி ஒருத்தன் அங்க போய் என்ன பண்ணப்போறான். இங்கேயே ஜனங்க வரிசையில நிக்குது" என்று டாக்டருக்காகக் குறைப்பட்டுக்கொண்டே அவர் டம்ளரைக் கழுவி வைத்தார்.

ஒன்பதரை மணிக்கு அவள் ஸ்டுடியோவில் இருந்தாள்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மரச்சாமான் கடைக்கு மேலே இரண்டு மாடி ஏறினால் ஒரு கனமான கதவு. உள்ளே சுவரெல்லாம் கம்பளம் அடித்த ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு டி.வி., வசனத்தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிக்காரரின் மேஜை. கடையில் யாராவது கட்டிலுக்கு ஆணி அடித்தால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு டீ குடிப்பார்கள்.

நிகழ்ச்சி மேலாளர் முன்னதாகவே வந்திருந்தார். அவருக்கு ஸ்டுடியோவில் கத்தரி என்று பெயர். எதைக் கொடுத்தாலும் வெட்டிவிட்டுத்தான் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை. வெட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் வருத்தப்படவும் செய்வார்.

சின்னவன் வந்து உட்கார்ந்ததும் கத்தரி விஷயத்தைப் போட்டு உடைத்தார். நம்ம ஒளிபரப்பு அங்கே ஓடுவதைவிட ஒரு வருஷம் பின்னால் இருக்கிறது. இன்னும் இரண்டு மாசத்தில் புது எபிசோடுகளை அன்றன்றைக்கே போனில் பார்க்கிற வசதி வரப்போகிறது. அது வந்துவிட்டால் பழைய கதையை யார் பார்ப்பார்கள்? அதனால் மேலிடத்தில் முடிவு பண்ணிவிட்டார்கள். இருநூற்று அறுபது எபிசோடை ஒரே தாண்டாகத் தாண்டி, அங்கே ஓடுகிற இடத்துக்குப் போய் நின்றுகொள்வது. நடுவில் நடந்ததையெல்லாம் சுருக்கி, ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேர சிறப்பு நிகழ்ச்சி. மூன்று வாரம் கழித்து.

"அதுக்குக் கதை சொல்ற குரல் உங்களோடதுதான் தம்பி. ஜனங்களுக்குப் பழகின குரல்" என்றார்.

சின்னவனுக்கு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க முடியாமல் மருமகள் தாளைப் புரட்டினாள்.

டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவில் என்ன ஆகிறது என்று சின்னவன் ஆசையாகக் கேட்டான்.

கத்தரி ஒரு நிமிஷம் வருத்தப்பட்டார். பிறகு சொன்னார். தாண்டப்போகிற எபிசோடுகளில் நூற்று எழுபத்து மூன்றாவதில் டாக்டர் இறந்துவிடுகிறார். எல்லைப்புறத்து ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியிடமிருந்து காய்ச்சல் தொற்றுகிறது. அங்கே அந்த நடிகருக்கு வேறு ஏதோ ஒப்பந்தம் வந்து விலகிக்கொண்டாராம். அதனால் கதையில் உயிரை எடுத்துவிட்டார்கள்.

கீழே கடையில் யாரோ மேஜையை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒலிக்காரர் டீ கொண்டுவரச் சொல்லி எழுந்து போனார். அவருக்கும் இந்த இடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை போலும்.

சின்னவன் கத்தரியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"அண்ணி, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

அவன் மனசுக்குள் நாளை எண்ணிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை எனக்குச் சாப்பாடு போட்டீங்களே."

அவ்வளவுதான் கேட்டான். கையெழுத்துப் போட்டிருந்தேன் என்று சொல்லலாம். சொன்னால் அது பதிலாக இருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும், டாக்டருக்கு வந்த ரசிகர் கடிதம் ஒன்றைப் படித்துக் காட்டிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

கத்தரி இடையில் புகுந்து, புதுக் கதையில் இப்போதைக்கு அவனுக்குப் பொருந்துகிற மாதிரி பெரிய பாத்திரம் எதுவும் இல்லை, ஒரு ரொட்டிக் கடைக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறார், வேண்டுமானால் அவரைப் பேசலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அறையில் அது இன்னும் கொஞ்சம் வெப்பத்தைத்தான் ஏற்றியது.

சின்னவன் எழுந்து மைக் அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். சரி, ஆரம்பிக்கலாம் என்று சைகை காட்டினான்.

* * *

இருநூற்று அறுபது எபிசோடை ஒரு மணி நேரத்துக்குள் திணித்தால் எப்படி இருக்கும்? இரண்டு கல்யாணம், ஒரு தீ விபத்து, ஒரு காணாமல்போன குழந்தை, ஒரு மேயர் தேர்தல் எல்லாம் ஆளுக்கு இரண்டு வாக்கியத்தில் முடிந்தன. வெளிநாட்டிலிருந்து பேச்சை நீக்கி, சங்கீதமும் கதவுச் சத்தமும் கார் சத்தமும் மட்டும் அனுப்பியிருந்தார்கள். அந்தச் சத்தங்களுக்கு மேல் சின்னவனின் குரல் நிதானமாக நடந்து போனது. எங்கேயும் இடறவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு டாக்டரின் கடைசிக் காட்சி வந்தது.

திரையில் டாக்டர் நோயாளி உடுப்பில் ஜன்னலோரம் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் நர்ஸ். டாக்டர் ஏதோ சொன்னார், எட்டு விநாடி. அடுத்த காட்சியில் வெறுங்கட்டில்.

சின்னவன் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தான். மருமகள் எழுதியிருந்தாள்: 'வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்களா என்று கேள். அப்பாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.'

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். ஒலிக்காரரிடம் ஒரு நிமிஷம் கேட்டான். கத்தரி போன் பேச வெளியே போயிருந்தார். மருமகள் மைக் அறைக்குள் போனாள். கனமான கதவு மூடியதும் வெளிச்சத்தம் எல்லாம் அறுந்து, இரண்டு பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"இந்த மாதிரி வரி இதுவரைக்கும் பதினோரு தடவை எழுதியிருக்கீங்க" என்றான் சின்னவன். "யாருக்காக எழுதுறீங்கன்னு எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும்."

"ஒரு தடவைகூட மாத்தச் சொல்லலியே நீ."

"மாத்தத் தோணலை. அப்பா பதில் சொல்றாருன்னு நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை சொன்னீங்க. அதுக்கப்புறம் அந்த வரி வர்ற அன்னிக்கெல்லாம் எனக்கு ஸ்டுடியோவுக்கு வர ஒரு இது இருந்தது."

அவன் பென்சிலை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தான். கோபமாக இல்லை. கணக்குப் போட்டு முடித்த பையன் தப்பான ஒரு படியை அடிப்பது மாதிரி.

"இதை மட்டும் டாக்டர் சொல்ல வேண்டாம் அண்ணி. நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

என்னை மன்னிச்சுடு தம்பி என்றாள். அவன் அதைக் கேட்டும் கேட்காதது மாதிரி, மூலத்தில் என்னதான் சொல்கிறார் என்று கேட்டான். ஜன்னலைத் திறந்து வை, புழுக்கமாக இருக்கிறது என்கிறார் என்றாள். அதையே வைத்துக்கொள்ளலாம் என்றான்.

வைத்துக்கொண்டார்கள். "ஜன்னலைத் திறந்து வை. புழுக்கமா இருக்கு." முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

அடுத்து வெறுங்கட்டிலின் மேல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'தன் நோயாளியிடமிருந்து தொற்றிய காய்ச்சலில், ஒன்பதாம் நாள் டாக்டர் காலமானார்.' திரும்பி வந்த கத்தரி, அதை டாக்டரின் குரலிலேயே சொன்னால் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சைப் பிசையும் என்றார். டாக்டரின் குரல் அடிநெஞ்சிலிருந்து வருவது, கனமானது. சின்னவனின் சொந்தக் குரல் அப்படி இல்லை. கொஞ்சம் மெலிசு, ஜலதோஷம் பிடித்த மாதிரி மூக்கில் லேசாக ஒட்டும்.

செத்துப்போனவர் எப்படித் தன் சாவைச் சொல்வார், இதை நான் என் குரலில் சொல்கிறேன் என்றான் சின்னவன். கத்தரி யோசித்தார். ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்றார். ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் வெட்டிவிடுங்கள் என்றான் அவன்.

சொன்னான். ஒலிக்காரர் நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்து, வெறும் பதிவு கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

அவர் எதையும் வெட்டாமல் விட்டது அந்த ஸ்டுடியோவில் அதுதான் முதல் தடவை.

* * *

படியிறங்கும்போது மணி ஒன்றாகப்போகிறது. வீட்டுக்கு வருகிறாயா என்று மருமகள் கேட்கவில்லை. அவன் தானாகவே அவளோடு பஸ் ஏறினான். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரே ஒரு தடவை, அப்பாவுக்குக் கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். மாத்திரையில்தான் ஓடுகிறது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பழக்கதோஷத்தில் பின்கட்டுப் பக்கம் திரும்பினாள். அவன் நேராக முன்வாசலுக்குப் போனான்.

கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய எபிசோடு அவன் மூன்று வாரத்துக்கு முன்னால் பேசியது. மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் டாக்டர் பெட்டியில் துணியை அடுக்கியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றார் மாமனார்.

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. திரும்பிப் பார்த்தார். சின்னவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவர் டி.வி.யை அணைக்கவில்லை. எழுந்து போகவுமில்லை. முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். சின்னவன் உள்ளே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மருமகள் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே போய்விடுவதுதான் நாகரிகம் என்று தெரிந்தும் கால் நகரவில்லை.

விளம்பரம் வந்தது. ஒரு சோப்புக்கட்டி நுரையில் குதித்தது.

"அப்பா" என்றான் சின்னவன். "டாக்டர் செத்துடுவார்."

மாமனார் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு முடிந்து டூத்பேஸ்ட் வந்தது.

"எப்ப?" என்றார்.

"மூணு வாரம் கழிச்சு. சனிக்கிழமை."

"எதனால?"

"காய்ச்சல். நோயாளிகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு."

அவர் தலையை ஆட்டினார். அப்படிப்பட்டவனுக்கு அப்படித்தான் வரும் என்கிற மாதிரி இருந்தது அந்த ஆட்டல். நல்ல டாக்டர் என்றார். விளம்பரமெல்லாம் தீர்ந்து, அறிவிப்பாளப் பெண் வந்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள்.

"அப்புறம் நீ என்ன பண்ணுவ?"

இரண்டு வருஷம் எட்டு மாசத்தில் முதல் தடவையாக அவர் மகனைப் பார்த்துக் கேட்ட கேள்வி. ஒரு ரொட்டிக் கடைக்காரர் இருக்கிறார், வாரத்துக்கு இரண்டு தடவை வருவார் என்றான்.

"ரொட்டிக் கடைக்காரன் என்ன பேசுவான்?"

"அதிகமாப் பேச மாட்டார். பன்னு தீர்ந்துபோச்சுன்னு சொல்வார்."

மாமனாரின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா வேறு எதுவுமா என்று பின்னால் நின்றவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது, சிரிப்புதான்.

கதை மறுபடி தொடங்கியது. இரண்டு பேரும் பார்த்தார்கள். டாக்டர் நர்ஸிடம் விடைபெறும் இடத்தில், இங்கே அவசரப்பட்டுவிட்டாய் என்றார் மாமனார். நடிகர் அந்த இடத்தில் வேகமாகப் பேசுகிறார், அவர் உதடு ஓடும்போது நாமும் ஓடத்தான் வேண்டும் என்றான் சின்னவன். உதட்டைப் பார்த்துக்கொண்டேயா பேசுகிறாய் என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், வாய் மூடும் இடம், மூச்சு விடும் இடம், தமிழ் நீண்டுவிட்டால் எங்கே ஒரு சொல்லைக் கழற்றுவது என்றெல்லாம் விரலால் காட்டினான். தண்ணீர் வாரியத்தில் புதுப் பம்பு வந்தால் இஞ்சினீயர் சொல்வதைக் கேட்பாரே, அதே கவனத்தோடு மாமனார் கேட்டார். நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டார். இரண்டும் சரியான சந்தேகம்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அதான் பார்த்தேன். முன்னாடி நின்னா பெரிய டாக்டர். திரும்பி நின்னா நம்ம வீட்டு ஆளு."

மருமகளுக்கு முகம் சிவந்தது. சோறு போட வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அன்று சின்னவன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் நல்லா இருக்கேன்ப்பா என்று எப்போது சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. அவள் மோர் எடுக்க உள்ளே போய்வந்த இடைவெளியில் ஏதோ சொல்லியிருந்தான். மாமனார் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்துக்கொண்டிருந்தார்.

இலேசாகிப்போன மனசோடு இருந்தபோதும் அவள் ஒன்றை மறக்கவில்லை. கையெழுத்து விஷயத்தைச் சொல்லி, டாக்டர் சாவது வெளியே யாருக்கும் தெரியக் கூடாது மாமா, தெரிந்தால் என் வேலைக்கே உலை என்றாள்.

"எனக்கு யார்கிட்டம்மா சொல்ல இருக்கு" என்றார் மாமனார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைத்தடியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பூங்காவுக்குக் கிளம்பினார். சின்னவன் ரொம்ப நாளைக்கப்புறம் தன் பழைய கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆறேகாலுக்குத் திரும்பி வந்தவர், கை கால் கழுவிவிட்டு, மகன் இருந்த அறைக்குள் போனார். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஏழு மணிக்கு எதிர்வீட்டுத் தையல்கார அம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கையில் போன்.

"டாக்டர் செத்துடுவாராமே, நிஜமா?"

மருமகள் வாசலுக்கு ஓடி வந்தாள். யார் சொன்னது என்றாள்.

"உங்க மாமனார்தான். பூங்காவுல எங்க வீட்டுக்காரர் உட்பட ஏழெட்டுப் பேர் இருந்தாங்களாம். எங்க சீரியல் குரூப்புல இப்ப அதே பேச்சுதான், இருநூறு மெசேஜ் வந்தாச்சு." அவள் போனை உயர்த்திக் காட்டினாள். பிறகு மனத்தாங்கலாகச் சொன்னாள். "அது போகட்டும். டாக்டருக்குப் பேசுறது என் ரெண்டாவது பையன், அவன் பேச்சைக் கேட்கத்தான் தினம் உட்கார்றேன்னு எல்லார்கிட்டயும் சொன்னாராமே. இத்தனை நாள் எதிர்வீட்டுல இருக்கோம், ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

அவள் போன பிறகும் மருமகள் வாசலிலேயே நின்றாள். மாமனார் மேல் கோபப்பட முயன்றாள். ஏழெட்டுப் பேர் நடுவில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, என் ரெண்டாவது பையன் என்று அவர் சொல்லும் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. கோபம் வரவில்லை.

போன் அடித்தது. கத்தரி.

அவர் கோபமாக இருக்கும்போது சத்தம் குறைந்துவிடும். இப்போது மிகவும் குறைவாக இருந்தது. மேலிடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்றார். யார் வெளியே விட்டது என்று தனக்குத் தெரியும் என்றார்.

"உங்க கொழுந்தன்தானே? வேலை போற ஆத்திரத்துல பண்ணியிருக்கார். இனிமே ரொட்டிக் கடைக்காரரும் கிடையாது, இந்த ஊர்ல எந்த மைக்கும் கிடையாது. நீங்க அதைச் சொல்லிடுங்க அவர்கிட்ட."

அறைக்குள் மாமனார் ஏதோ கேட்க, சின்னவன் டாக்டர் குரலில் ஒரு பதில் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மருமகள் மெதுவாகப் போய் அந்த அறைக் கதவைச் சாத்தினாள். வாசலுக்குத் திரும்பி வந்தாள்.

"அவன் இல்ல சார்" என்றாள். "நான்தான் சொன்னேன்."